நோக்கலாம் டீச்சரே

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் உடனே சரி என்பார். எதைக் கேட்டாலும் சரி என்கிறவரிடம் அனுமதி கேட்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது? அதனால் கேட்கவில்லை.

பொன்முடி மலைப் பாதையில் ஜீப் ஓட்டினார். அந்தப் பாதையில் இருந்த ஒரு எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்துக்காரி நான். வாரம் முழுக்க வித்துராவில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன். காலையில் பஸ்ஸில் கல்லாறு வரைக்கும் போய், அங்கேயிருந்து அவருடைய ஜீப்பில் மேலே ஏறவேண்டும். கல்லாற்றைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய கல் உண்டு. எங்கள் பள்ளிக்கூடம் பதினோராவது வளைவில் இருந்தது.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சோடாபுட்டிக் கண்ணாடி. எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். மனைவிக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. முடியாது என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "நோக்கலாம் டீச்சரே" என்பார். மலையாளத்து நோக்கைப் பிடித்துத் தமிழ் வால் ஒட்டவைத்த சொல். பார்க்கலாம் என்று நாம் சொன்னால் பாதி நேரம் செய்யமாட்டோம் என்று பொருள். அவர் சொன்னால் முடித்துவிட்டார் என்று பொருள்.

கேஸ் சிலிண்டர், ரேஷன் அரிசி, பிரஷர் மாத்திரை, பள்ளிக்கூடத்துச் சத்துணவு முட்டை எல்லாம் அந்த ஜீப்பில்தான் மேலே ஏறும். ஒருமுறை யாரோ கொடுத்தனுப்பிய ஆட்டுக்குட்டியை என் மடியில் வைத்தார். "கொஞ்சம் பிடிச்சுக்குங்க டீச்சரே, மூணு வளைவுதான்." அன்றைக்கு முழுக்க என் புடவையில் ஆட்டு வாசனை. வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இன்னொரு தடவை ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்துக்கு வண்டி ஒப்புக்கொண்டார். ஒன்று வித்துராவில், மற்றொன்று மேலே எஸ்டேட்டில். விடிந்ததிலிருந்து ஏறுவதும் இறங்குவதுமாக ஓடி, கடைசியில் கீழ் வீட்டு மாலைக்கூடை மேல் வீட்டுக்கும், மேல் வீட்டு அப்பளக்கட்டு கீழ் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. இரண்டு வீட்டிலும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். எந்த வீட்டிலும் அவர் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே இரண்டு வீட்டுக்காரர்களும் மறுபடி அவரையே கூப்பிட்டார்கள். இவரும் போனார், கேட்டேளா!

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு முழுக்க இது பிரசித்தம். "இப்படி எல்லார்க்கும் சரி சரின்னா உங்களை மென்னு துப்பிடுவா" என்று தினமும் ஏதாவது ஒரு வளைவில் அவருக்கு உபதேசம் பண்ணுவேன். ஒருநாள் எப்படியாவது முடியாது என்று சொல்லவைக்க வேண்டுமென்று, "நாளைக்கு வரச்சே ஸ்கூலுக்கு ஒரு யானைக்குட்டி கொண்டு வாங்கோ" என்றேன்.

"நோக்கலாம் டீச்சரே."

மறுநாள் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். கோட்டூரில் இருக்கிற ஒரு யானைப்பாகனின் போன் நம்பர். குட்டியைத் தரமாட்டார்களாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் அது குளிக்கிறதைக் காட்டுவார்களாம். போனோம். பதினேழு பிள்ளைகளும் இரண்டு நடையாக அதே ஜீப்பில்தான் போய் வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார்: "ஓரத்துல மின்னுது டீச்சரே. மழைக் கோளு இல்லை, ஆனா மின்னுது." நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். மலையில் எங்கேயாவது மின்னும் என்றேன். இரண்டு நாள் கழித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வண்டிக் கண்ணாடியையும் துடைத்தார். கொசு பறக்கிறதாம், கரித்தூள் விழுகிறதாம். அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவள் செய்த காரியம் இது.

அடுத்த வாரம் அவர் தலையை ஒரு மாதிரி சாய்த்து ஓட்டுவதைப் பார்த்தேன். ஆறாவது வளைவில் ஜீப்பின் இடது பக்கம் நம்பர் கல்லில் உரசியது. இருபது வருஷமாக அந்தக் கல்லை உரசாமல் திரும்பிய மனுஷர்.

"நிறுத்துங்கோ வண்டியை!" என்று கத்தினேன். நிறுத்தினார். அதற்கும் சரிதான்.

கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினேன். இடது கண்ணில் கீழ் ஓரத்திலிருந்து கறுப்புத் திரை ஒன்று மேலே ஏறுகிறது. நாலு நாளாயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை? ஒரு நாள் யாருக்கோ ரேஷன் எடுக்கவேண்டியிருந்தது. ஒரு நாள் யாருடைய மாமியாரையோ பஸ் ஏற்றவேண்டியிருந்தது. வலி கிடையாது, அதுதான் அந்த நோயின் துரோகம். வலித்திருந்தால் அவரேகூடப் போயிருப்பார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, வேறொரு வண்டி பிடித்து அவரை நகரத்துக் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சின்னப் பெண்ணாக ஒரு டாக்டர். கண்ணில் மருந்து விட்டுப் பார்த்தவள் முகம் மாறியது. விழித்திரை மேல்பக்கம் கிழிந்து, கிழிசல் வழியாக நீர் பின்னால் இறங்கி, ஈரச் சுவரிலிருந்து சுண்ணாம்பு பெயர்வதுபோலப் பெயர்ந்துகொண்டு வருகிறது. பவர் அதிகமான கண்ணாடி போடுகிறவர்களுக்கு விழித்திரை மெலிந்திருக்குமாம், அவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். நேராகப் பார்ப்பது, எழுத்துப் படிப்பது எல்லாம் நடுவில் இருக்கிற ஒரு சின்ன இடத்தால்தான். அதன் விளிம்பு வரைக்கும் நீர் வந்துவிட்டது. நடுவும் பெயர்ந்துவிட்டால் அப்புறம் ஒட்டவைத்தாலும் பழைய பார்வை திரும்பாது.

மறுநாள் காலையிலேயே ஆபரேஷன். கண்ணுக்குள் இருக்கிற கூழை எடுத்துவிட்டு, விழித்திரையை ஒட்டவைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, உள்ளே ஒரு வாயுவை நிரப்பினார்கள். அது உள்ளேயிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் சரியான இடத்தில் விழுவதற்குப் பத்து நாள் குப்புறப் படுக்கவேண்டும். வலது கண்ணிலும் இரண்டு இடம் மெலிந்திருந்தது, அதற்கும் லேசர். வாயு தானாகக் கரைய ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். கண்ணில் வாயு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக மணிக்கட்டில் பச்சைப் பட்டை ஒன்று கட்டிவிட்டார்கள்.

"பிளேன்ல போகக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. மலையும் கேறருது, ஏறவே கூடாது, கேட்டோ" என்று அந்த டாக்டர் பெண் விரலை ஆட்டிச் சொன்னாள். "மேலே போனா கேஸ் வீங்கும். பிரஷர் ஏறி நரம்பு செத்துப்போகும். பின்னே ஒண்ணும் செய்ய ஒக்காது."

அவர்தான் முதலில் புரிந்துகொண்டார். "சிப்ஸ் பாக்கெட்டு மாதிரி. அல்லே டாக்டரே?" கீழே கடையில் தட்டையாக வாங்கிய பாக்கெட் பொன்முடி உச்சிக்குப் போவதற்குள் தலையணை மாதிரி உப்பிவிடும். இருபது வருஷமாகச் சுற்றுலாக்காரர்கள் மடியில் அதைப் பார்த்தவர் அவர். கல்லாறு வரை போகலாம், அதற்கு மேல் ஒரு வளைவுகூடக் கூடாது என்று முடிவாயிற்று. அவர் வீடோ பதினான்காவது வளைவில்.

கல்லாற்றில் டீக்கடை வைத்திருந்த அவர் மச்சானின் பின்னறையில் அவரைப் படுக்கவைத்தோம். அவர் மனைவி மேலேயிருந்து ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "டீச்சரே, அவுக கிட்ட யாரும் எதுவும் கேக்காமப் பாத்துக்கிடுங்க. கேட்டா போயிருவாக. கண்ணு போச்சுன்னா வண்டி போச்சு, அப்புறம் அவுகளை உக்காத்தி வைக்க முடியாது, செத்துருவாக." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் போய்ப் பார்க்கிறேன். முகத்துக்கு ஓட்டை விட்ட பலகைக் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறார். ஓட்டைக்கு நேர் கீழே ஒரு அலுமினியச் சட்டி. இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்! கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது.

"கண்ணுல ஆபரேஷன் பண்ணிண்ட மனுஷன்கிட்ட வெங்காயமா குடுக்கறது? உங்களுக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று நான் போட்ட கூச்சலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"சும்மாதானே கிடக்குறார்னு..." என்று மச்சான் இழுத்தார்.

"மச்சான் கேட்டாரு டீச்சரே" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

அன்றிலிருந்து பாடம் எடுத்தேன். தினமும் சாயங்காலம் பஸ் வரும்வரை கால் மணி நேரம்.

"சொல்லுங்கோ. முடியாது."

"நோக்கலாம் டீச்சரே."

"மு, டி, யா, து."

"அது கேக்குறவங்களுக்கு விஷமமாயிருக்கும் டீச்சரே."

விஷமம் என்றால் அந்தப் பக்கத்தில் மன வருத்தம். கேட்டவர் முகம் வாடுவதைப் பார்க்க இவருக்குச் சக்தி கிடையாது. அதுதான் அவருடைய முழு வியாதி. ஒரு அட்டையில் "கண் ஆபரேஷன். வண்டி மலைக்கு வராது" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஜீப்பில் மாட்டினேன். மாட்டின நாலாம் நாள் அந்த அட்டை வெங்காயச் சட்டிக்கு மூடியாக இருந்தது.

மூன்றாவது வாரம் மச்சான் எனக்குப் போன் பண்ணினார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார். நடந்தது இதுதான். வெளியூரிலிருந்து ஒரு பெண் தன் மாமியாரோடு வந்திருக்கிறாள். வந்த டாக்ஸி பழுதாகிவிட்டது. கிழவிக்கு மேகத்தைத் தொட்டுப் பார்க்க ஆசையாம், நாளைக்கு ஊருக்குப் போகிறார்களாம். இவர் சாவியை எடுத்துவிட்டார். நாலாவது வளைவில் கண் கனத்திருக்கிறது. ஏழாவது வளைவில் யாரோ உள்ளே கட்டைவிரலை வைத்து நெம்புவதுபோல வலி. அப்போதும் முடியாது என்று சொல்லவில்லை. "வண்டி சூடாயிப்போச்சு, மன்னிக்கணும்" என்று ஜீப் மேல் பழியைப் போட்டுத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார்.

மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். இன்னும் நாலு வளைவு ஏறியிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் பெண் சொன்னாள். நான் அவரை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு ஒருத்தி வந்து உங்க உயிரைக் கேட்டா அதையும் நோக்கலாம்பேளா? ஆத்துக்காரி அங்க அழறா. நான் இங்க தொண்டை கிழியக் கத்தறேன். யாரோ ஒரு கிழவி மேகம் பாக்கறதுக்கு உங்க கண்ணா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "இனிமே இல்ல டீச்சரே" என்றார். நான் நம்பவில்லை.

வாரங்கள் ஓடின. கண்ணுக்குள் வாயு குறையக் குறைய அது ஒரு உருண்டையாகக் கீழே மிதப்பது அவருக்கே தெரிந்தது. தினமும் எனக்கு அளவு சொல்வார். "இன்னிக்கு நெல்லிக்காய் டீச்சரே." அப்புறம் ஒருநாள், "இப்ப மொச்சப்பயறு அளவுதான்."

அந்த மொச்சைப்பயறு வாரத்தில்தான் என் பள்ளிக்கூடத்துக்கு விசாரணை வந்தது. பிள்ளைகள் குறைவு என்று மூடிவிடலாமா என யோசிக்க ஆபீசர் நேரில் வருகிறார், பதினொரு மணிக்கு. பெற்றோர்கள் எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனு என்னிடம். கல்லாற்றில் வந்து இறங்கிப் பையைத் திறந்தால் மனு இல்லை. அறையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வித்துராவுக்குத் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. அவருக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருந்த ஜீப் போய்விட்டது. மேலே போகிற பஸ் மத்தியானம்தான்.

கடை வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஜீப். மச்சானுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

நான் கேட்டேன். மனசாட்சியே இல்லாமல் கேட்டேன். நேராகக்கூட இல்லை. "பதினோரு வளைவு, இருபது நிமிஷம். இப்போ மொச்சப்பயறு அளவுதானேன்னேள்?" என்றேன். "இன்னிக்கு நான் போகலேன்னா ஸ்கூலை மூடிடுவா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். சாவியைத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"முடியாது டீச்சரே."

அடுத்து நான் பேசியதை எழுதவே கை கூசுகிறது. "ஊர் பேர் தெரியாதவளுக்கு ஏழு வளைவு போனேள். உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படுக்கவெச்சவளுக்கு முடியாதா? பதினேழு குழந்தேள் படிப்பு உங்களுக்கு ஒண்ணுமில்லையா?"

"முடியாது டீச்சரே" என்றார் மறுபடி. ஆனால் அந்த இடத்திலேயே எழுந்து யாருக்கெல்லாமோ போன் பண்ணினார். வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் மேலே போன தேயிலை லாரி ஒன்றை நடுரோட்டில் கையை விரித்து நின்று நிறுத்தினார். நான் அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

லாரி ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது ஆபீசர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். மனுவை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பின் சீட்டில் போட்டுக்கொண்டார். அந்த வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்தை மூட உத்தரவு வந்தது. நான் பதினொரு மணிக்கே போயிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். அன்றைக்கே அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பழியைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன்.

கண் தேறியது. வாயு முழுக்கக் கரைந்து, டாக்டர் பச்சைப் பட்டையை வெட்டி எடுத்து, வண்டி ஓட்டலாம் என்று சொன்ன செய்தி எனக்கு மச்சான் மூலமாகத்தான் கிடைத்தது. ஆபரேஷன் பண்ணின கண்ணில் ஒன்றிரண்டு வருஷத்தில் புரை விழும், அதையும் எடுக்கவேண்டியிருக்கும் என்றார்களாம். இடது கண்ணால் பார்த்தால் கரண்டு கம்பம் லேசாக வளைந்து தெரிகிறதாம். அவர் மறுபடி ஏறவும் இறங்கவும் ஆரம்பித்தார். நான் வேறு ஜீப்பில் போனேன். எதிரில் வரும்போதெல்லாம் அவர் கையைத் தூக்குவார். நான் நோட்டுத் திருத்துவேன்.

பள்ளிக்கூடத்தின் கடைசி நாளன்று பெஞ்சுகளையும் கரும்பலகையையும் கீழே இறக்கவேண்டியிருந்தது. யாரோ அவரிடம் கேட்டிருக்கிறார்கள். வந்து நின்றார். பெஞ்சுகளைக் கட்டி ஏற்றியதும் முன் சீட்டில் மட்டும்தான் இடம் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நினைத்தேன். கேட்டால் கொடுத்துவிடுவார். இல்லை என்று சொல்லத் தெரியாதவரிடம் மன்னிப்புக் கேட்டு வாங்குவது பெரிய காரியமா? கேட்கவில்லை.

"கரண்டு கம்பம் வளைஞ்சு தெரியறதாமே?" என்றேன்.

"இந்த ரோட்டுல நேரா எதுதான் இருக்கு டீச்சரே?" என்று சிரித்தார்.

ஆறாவது கல்லை உரசாமல் திரும்பினார். அப்புறம்தான் கேட்டேன். "ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லாத வார்த்தையை என்கிட்ட மட்டும் எப்படிச் சொன்னேள்?"

அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்துத் திருப்பினார்.

"மத்தவங்க விஷமிப்பாங்க டீச்சரே. அதை என்னால காண முடியாது. உங்களுக்குக் கோபம்தானே வரும்? அது வரும், போயிரும். உங்க ஒருத்தர் கிட்டதான் எனக்கு அந்த தைரியம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கல்லாறு வந்தபோது மச்சான் கடை வாசலில் அவர் வண்டியை நிறுத்தி, "டீ குடிக்கலாமா டீச்சரே?" என்று கேட்டார். நான் இறங்கினேன்.